சட்டமன்றமும் நம் மூச்சும்



தில்லிக்குப் புதிதாக வந்த தமிழ் மாணவன் ஒருவன், ஐப்பசி மாதக் கடைசியில் ஒரு காலை, விடுதியின் மேல்மாடியில் நின்று கொண்டு, "இங்கே இவ்வளவு சீக்கிரம் பனி இறங்கி விடுகிறதே!" என்று வியந்தான். பக்கத்தில் நின்ற மூத்த மாணவர் சிரிக்கவில்லை. "தம்பி, இது பனி அன்று, புகை" என்றார். அன்று மாலையே புதியவனுக்குத் தொண்டை கரகரத்தது. மூன்றாம் நாள் கண் எரிந்தது. வாரம் முடிவதற்குள் மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அறைத் தோழர் இருவர் நள்ளிரவில் அவனை மருத்துவரிடம் கொண்டு சென்றார்கள். அந்தப் புதியவன் நான் தான்.

ஒரு வாரம் படுத்துக் கிடந்தபோது எனக்கு யார்மேல் கோபம் வந்தது தெரியுமா? வயலில் தீ வைக்கும் பஞ்சாப் உழவர் மேல். "அறிவில்லாதவர்கள்" என்று வாய்விட்டே சொன்னேன். என்னைப் பார்க்க வந்திருந்த வகுப்புத் தோழர் ஒருவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். அவர் பஞ்சாப்பைச் சேர்ந்தவர்; உழவர் வீட்டுப் பிள்ளை. பிறகு மெல்லக் கேட்டார்: "என் அப்பா ஏன் கொளுத்துகிறார் என்று ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?"

விசாரித்ததில்லை. அன்று முதல் விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததன் பயனே இந்தக் கட்டுரை.

தலைநகரின் காற்றைக் கெடுப்பது வயற் புகை ஒன்றே அன்று. வண்டிகள், ஆலைகள், கட்டட வேலைத் தூசி, குப்பை எரிப்பு எல்லாம் ஆண்டு முழுவதும் தம் பங்கைச் செலுத்திக் கொண்டே இருக்கின்றன. அவற்றின் மேல் ஐப்பசி கார்த்திகையில் வயற் புகையும் வந்து சேர்கிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் எந்திரத்தால் நெல் அறுக்கிறார்கள். எந்திரம் கதிரைக் கொண்டு போய்விடுகிறது. நெல்லின் அடித் தாள் வயலிலேயே நின்று விடுகிறது. நவம்பர் நடுப்பகுதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். தாமதமானால் விளைச்சல் குறையும். அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே இருப்பது இரண்டு மூன்று வாரம். அதற்குள் வயலைச் சுத்தம் செய்ய உழவர் கையில் உள்ள மலிவான கருவி ஒரு தீக்குச்சி.

இந்த இடைவெளி ஏன் இவ்வளவு குறுகிப் போயிற்று? இங்கே தான் எனக்கு வியப்பு காத்திருந்தது. அதற்கு ஒரு காரணம், சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம். அதிலும், நீரைக் காப்பாற்ற நல்ல எண்ணத்தோடு இயற்றிய சட்டம்!

பஞ்சாபில் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு கீழே போய்க் கொண்டிருந்தது. உழவர்களுக்கு 1997 முதல் இலவச மின்சாரம் கிடைத்தது. இடையில் சில ஆண்டுகள் நின்று, 2005இல் அது மீண்டும் வந்தது. காசில்லாமல் பம்பு ஓடும்போது கிணற்றில் நீர் இருக்கும்வரை இறைக்கத் தானே தோன்றும்? கடுங் கோடையிலேயே நெல் நட்டார்கள். வெயிலில் ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக மேலும் மேலும் இறைத்தார்கள். இதைத் தடுக்க 2009இல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மே 10ஆம் நாளுக்கு முன் நாற்று விடக் கூடாது. ஜூன் 10ஆம் நாளுக்கு முன் நடவு செய்யக் கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் அபராதம். ஹரியானாவும் அதே ஆண்டில் இதைப் போன்ற சட்டம் செய்தது.

நடவு தள்ளிப் போயிற்று. அறுவடையும் தள்ளிப் போயிற்று. முன்பெல்லாம் காற்று ஓரளவு வீசுகின்ற நாட்களில் எரிந்த தாள், இப்போது காற்று அடங்கிக் குளிர் இறங்கும் நாட்களில் எரிகிறது. புகை மேலே போகாமல் தரையோடு தங்கி விடுகிறது.

இந்தச் சட்டம் ஒன்றே புகைக்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. தாள் கொளுத்தும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது. நீரைக் காக்க முற்பட்டது தவறு என்றும் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். நடவுத் தேதியை மாற்றிய சட்டம் 2009இல் வந்தது. நட்டபின் ஏறக்குறைய 93 நாளில் விளைந்து விடும் பி.ஆர். 126 என்னும் குறுகிய கால நெல்லை லூதியானா வேளாண் பல்கலைக் கழகத்தார் கண்டு தந்து, அது உழவர் கைக்கு வந்தது அதற்கு ஏழெட்டு ஆண்டு கழித்து. தாளை அகற்றாமலே கோதுமை விதைக்கும் கருவிக்கு மத்திய அரசாங்கம் பெரிய அளவில் மானியத் திட்டம் கொண்டு வந்தது 2018இல். கட்டளை முன்னே வந்தது. கட்டளையை நிறைவேற்றும் வழி பின்னே வந்தது. இடையிலே போன ஆண்டுகளின் புகையைக் குழந்தைகளும் முதியவர்களும் சுவாசித்தார்கள்.

இதிலிருந்து நான் கற்றது இரண்டு. மாநிலச் சட்டமன்றம் நினைத்தால் ஒரு நாட்டுப் பகுதியின் பருவத்தையே மாற்ற முடியும் என்பது ஒன்று. அப்படி மாற்றும்போது அண்டை வீட்டாரையும் எண்ணிப் பார்க்காவிட்டால் நன்மையே தீமையாகத் திரும்பும் என்பது மற்றொன்று.

நம்மில் பலர் என்ன நினைக்கிறோம்? சுற்றுச்சூழல், தூய மின்சாரம் என்றால் அவை நாடாளுமன்றத்துக்கும் உலக மாநாடுகளுக்கும் உரிய பெரிய காரியங்கள். மாநிலச் சட்டமன்றத்துக்கு அவற்றில் என்ன வேலை என்று நினைக்கிறோம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். நீர், நிலம், வேளாண்மை, பொதுச் சுகாதாரம் ஆகியவை மாநிலப் பட்டியலில் உள்ளன. மின்சாரம் இரு சாராருக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. காடும் 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்து, பிறகு பொதுப் பட்டியலுக்கு மாறியது. 1974இல் நாடாளுமன்றம் இயற்றிய நீர் மாசுத் தடுப்புச் சட்டமும், சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் செய்து கேட்டுக் கொண்டதால் பிறந்தது தான். நாம் குடிக்கும் நீரும், நம் வீட்டு விளக்கும், நம் ஊர் ஏரியும் பெரும்பாலும் நம் மாநிலத் தலைநகரிலே தான் தீர்மானிக்கப்படுகின்றன.

அப்படியானால் நம் தமிழ்நாடு எப்படி? அண்டை வீட்டைக் குறை சொல்லிவிட்டு நம் வீட்டைப் பாராமல் விடலாமா?

2003ஆம் ஆண்டை எடுத்துக் கொள்வோம். அந்த ஒரே ஆண்டில் நீரைப் பற்றி இரண்டு சட்டங்கள் நம் மாநிலத்தில் பிறந்தன. ஒன்று, ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேமிக்க வேண்டும் என்றது. அது நாள் குறித்தது. செய்யாத வீட்டின் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம் என்றது. தெருத் தெருவாகக் குழாயும் குழியும் அமைந்தன. குழாய் பொருத்தத் தெரிந்த கொத்தனாரைத் தேடி எங்கள் தெருவே அலைந்ததை என் பாட்டி இன்றும் கதையாகச் சொல்லுவார். மற்றொன்று நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம். கிணறு தோண்டுவதையும் நீர் எடுப்பதையும் முறைப்படுத்த வந்த சட்டம் அது. அது நடைமுறைக்கே வரவில்லை. பத்து ஆண்டு ஏட்டிலே உறங்கி, 2013இல் நீக்கப்பட்டது. பிறந்த குழந்தை கண் விழிக்காமலே போன கதை!

ஒரே ஆண்டு, ஒரே மாநிலம், கருதியதும் ஒரே நீர். ஒன்று நடந்தது, மற்றொன்று நடக்கவில்லை. ஏன்? முதற் சட்டத்துக்கு நாள் இருந்தது, பொறுப்பாளர் இருந்தார், மீறினால் விளைவு இருந்தது. இரண்டாவதற்கு அவை கிட்டவில்லை. முதற் சட்டத்தால் கிடைத்ததையும் நாம் முழுமையாகக் காக்கவில்லை. அன்று தோண்டிய குழிகள் பலவற்றில் இன்று மண் மூடிக் கிடக்கிறது. சட்டத்தைப் பெற்றெடுத்தால் போதாது; வளர்க்கவும் வேண்டும்.

இன்னொரு காட்சி, நொய்யல் ஆறு. திருப்பூரின் சாயக் கழிவு அந்த ஆற்றில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீர் பயிருக்கு எமனாயிற்று. நீர் மாசைத் தடுக்கும் சட்டம் அப்போது இல்லாமலா இருந்தது? இருந்தது. அதிகாரம் இருந்தது, வாரியம் இருந்தது. ஆயினும் கீழ்மடை உழவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லியது. நீதி கிடைத்தது. ஆனால் அதே நாளில் பட்டறைத் தொழிலாளியின் வேலையும் போயிற்று. ஆறு கெடத் தொடங்கிய நாளிலேயே காலக்கெடுவும் கடன் உதவியும் பொதுச் சுத்திகரிப்பு நிலையமுமாகச் சட்டம் முழு மூச்சோடு இறங்கியிருந்தால் உழவரும் பிழைத்திருப்பார், தொழிலாளியும் பிழைத்திருப்பார். காலத்தில் நடக்காத சட்டத்தின் விலையை எப்போதும் ஏழையே கொடுக்கிறான்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். தூய மின்சாரத்தில் தமிழ்நாடு பிறர்க்குப் பின்தங்கிய மாநிலம் அன்று. தூத்துக்குடிப் பக்கம் முள்ளக்காட்டில் 1986இலேயே காற்றாலைகள் நின்றன. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி விட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ஆனால் காற்று நம் தேவையைக் கேட்டுக் கொண்டு வீசுவதில்லை. ஆடிக் காற்றில் மின்சாரம் பெருகி வழியும். வேறு மாதங்களில் வற்றும். பெருகும்போது கொண்டு செல்லப் போதிய கம்பித் தடமும், சேர்த்து வைக்க இடமும் வேண்டும். நல்ல காற்றுள்ள இடங்கள் பலவற்றைப் பழைய சிறு காற்றாலைகளே பிடித்துக் கொண்டிருக்கின்றன. அவற்றை மாற்றிப் பெரியவற்றை நிறுவ வேண்டும். இவை ஒவ்வொன்றும் மாநிலத்தின் கொள்கையாலும் விதியாலும் ஆக வேண்டிய காரியம்.

2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் ஒவ்வொரு மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் ஒரு கடமை தந்திருக்கிறது. விநியோகிக்கும் மின்சாரத்தில் இத்தனை பங்கு காற்று, வெயில் போன்ற வற்றாத மூலங்களிலிருந்து வாங்கப்பட வேண்டும் என்று அது குறிக்க வேண்டும். குறித்த பங்கை வாங்குகிறார்களா, வாங்காவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது யார்? அந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் எழுப்ப ஓர் உறுப்பினர் வேண்டும். அவர் எழுப்பும்படி தூண்டத் தொகுதி மக்கள் வேண்டும்.

உழவரின் இலவச மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவே பலர் அஞ்சுகிறார்கள். தமிழ்நாட்டிலும் 1990 முதல் அந்தச் சலுகை வந்தது. அதைப் பறிக்க வேண்டும் என்று சொல்ல நான் வரவில்லை. பறிக்காமலே நீரையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்த வழி இருக்கிறது. குஜராத்தில் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த துண்டி என்னும் சிற்றூரில் 2016இல் உழவர்கள் சிலர் கூடிச் சூரிய மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். சூரியத் தகடு பம்பை ஓட்டுகிறது. பம்புக்கு வேண்டாத மின்சாரத்தை மின் கம்பெனிக்கு விற்கிறார்கள். வீணாக இறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கைக்கு வரவேண்டிய காசு போகிறது என்று உழவருக்குத் தெரிகிறது. அப்போது அவர் தாமே பம்பை நிறுத்துகிறார். பஞ்சாபிலும் 2018இல் வேறொரு வழியைத் தொடங்கினார்கள். ஒதுக்கிய அளவில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நான்கு ரூபாய் உழவரின் கணக்கில் சேரும் என்றார்கள். விரும்பியவர் சேரலாம், கட்டாயம் இல்லை. தடியை நீட்டிச் செய்ய முடியாததைக் கூலி கொடுத்துச் செய்யலாம் என்பதை இவை காட்டுகின்றன.

ஆனால் தூய மின்சாரம் என்ற பெயர் இருந்துவிட்டால் எல்லாம் தூயதாகி விடாது. கர்நாடகத்தில் பாவகடா வட்டத்தில் 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா இருக்கிறது. அங்கே உழவரின் நிலத்தை விலைக்கு வாங்கவில்லை. ஆண்டு வாடகைக்கு எடுத்தார்கள். வறட்சியால் வாடிய நிலத்துக்கு வாடகை கிடைத்தது. நிலமும் உழவர் பேரிலேயே இருந்தது. மிகவும் பாராட்டத் தக்க ஏற்பாடு. ஆனால் அந்த நிலத்தில் களை பறித்தும் ஆடு மேய்த்தும் பிழைத்தவர்களுக்கு நிலம் இல்லை. ஆகவே வாடகையும் இல்லை. அவர்களை எண்ணி எழுதியிருக்க வேண்டிய வரிகள் விடுபட்டுப் போயின. நம் மாநிலத்தில் இத்தகைய பூங்காக்கள் வரும்போது அந்த வரிகளை விடாமல் எழுதச் சொல்வது யார் கடமை?

"ஏழை நாட்டுக்கு முதலில் மின்சாரம் வேண்டும், தூய்மை பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நாட்டின் மின்சாரத்தில் பெரும் பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. அதை ஒரே நாளில் அணைத்துவிட முடியாது. ஆனால் அந்த நிலக்கரியின் சாம்பல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் விழுகிறது. அங்கே வலை வீசும் மீனவர் செல்வரா? தில்லிப் புகையில் கதவை மூடிக் காற்றைச் சலித்துச் சுவாசிக்கிறவர் வேறு. தெருவிலே ரிக்ஷா ஓட்டிக் கொண்டு சுவாசிக்கிறவர் வேறு. ஏழைக்காகத் தூய்மையைத் தள்ளிப் போடுவதாகச் சொல்கிறோம். தள்ளிப் போட்டதன் சுமையையும் அவர் தலையிலேயே வைக்கிறோம்.

"மத்தியச் சட்டம் இருக்கிறதே, போதாதா?" என்று வேறு சிலர் கேட்கிறார்கள். தலைநகரையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் கருதி, காற்றின் தரத்தைக் காக்க 2021இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே செய்து ஆணையம் அமைத்தது. வேண்டியது தான். ஆயினும் ஆணையம் உத்தரவு போடலாம். எந்த நெல்லை எப்போது நடுவது, எந்தப் பயிருக்கு எந்த மின்சாரம் என்பவற்றை அந்தந்த மாநிலமே நடத்த வேண்டியிருக்கிறது. மேலே கூரை வேய்ந்தாலும் சுவர் எழுப்ப வேண்டியது மாநிலம்.

ஆகவே, எந்தச் சட்டமன்றத்தில் எந்த மசோதா வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்கப் பழகுவோம். எந்த நாளுக்குள், யார் பொறுப்பில் இது நடக்கும்? கட்டளைக்கு உட்படுகிறவர் அதை நிறைவேற்றப் பணமும் கருவியும் விதையும் கட்டளையோடு சேர்ந்து வருகின்றனவா? இதனால் கீழ்மடையில் இருப்பவருக்கும் எல்லைக்கு அப்பால் இருப்பவருக்கும் என்ன நேரும்? இந்த மூன்றுக்கும் விடை இல்லாத மசோதா எவ்வளவு அழகான பெயர் பூண்டு வந்தாலும் அதைத் திருத்தச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

"படிக்க வந்த நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்காதீர்கள். பதினெட்டு வயதில் வாக்குரிமை பெற்றவர்கள் நாம். நம்மில் பெரும்பாலோர் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் பெயரை நம்மில் எத்தனை பேர் தடுமாறாமல் சொல்ல முடியும்? ஊருக்குப் போகும் விடுமுறையில் அவரை ஒரு முறையாவது பார்த்து, நம் ஊர் ஏரியைப் பற்றி, கிணற்றைப் பற்றி, மின்சாரத்தைப் பற்றிக் கேட்கலாமே. மின் கட்டணம் பற்றி ஒழுங்குமுறை ஆணையம் பொது மக்களின் ஆட்சேபங்களைக் கேட்டே முடிவு செய்கிறது. அதற்கு எழுதுவதற்கு வழக்கறிஞர் பட்டம் வேண்டாம். தெளிவான தமிழும் சரியான கணக்கும் போதும். பொறியியல் படிப்பவர் கணக்கைப் பார்க்கட்டும். சட்டம் படிப்பவர் விதியைப் பார்க்கட்டும். இலக்கியம் படிப்பவர் ஊரார்க்கு விளங்கும்படி எழுதட்டும். நம் சங்கம் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் கூடுவது போல, மாதம் ஒரு மாலை கூடி, நம் மாநிலச் சட்டம் ஒன்றைப் படித்துப் பேசினால் என்ன? பஞ்சாப் நண்பர்களையும் அழைப்போம். அவர்கள் சட்டத்தை நாம் அறிந்தது போல நம் நொய்யலை அவர்களும் அறியட்டும்.

அடுத்த ஐப்பசியிலும் ஊரிலிருந்து ஒரு புதியவர் வருவார். விடுதி மாடியில் நின்று பனி என்று வியப்பார். அது பனி அன்று என்று நாம் அவருக்குச் சொல்லுவோம். அதோடு நிறுத்தி விடாமல், அது எங்கிருந்து வருகிறது, எந்தச் சட்டம் அதைத் தடுக்கும், அதற்கு நாம் யாருக்கு எழுதியிருக்கிறோம் என்பதையும் சொல்லும் நிலையில் இருப்போமாக.